அப்பாவின் இதயத்தைக் கண் வழியாகக் கண்காணிக்கும் கருவி: இப்போது வாங்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு வயது 74. அம்மாவோடு லால்குடி பக்கம் இருக்கிறார், நான் ஓசூரில். ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிபி மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஆஸ்பிரின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. வலது கண்ணில் புரை வளர்கிறது. இரண்டு கண்ணுக்கும் கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறார்.

பொங்கலுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அது பெட்டியோடு சாமி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடி மட்டும் காலையில் எழுந்ததும் ஏறிவிடும். அதனால்தான் இந்த யோசனை. சித்தப்பா மகன் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். கண்ணாடி போட்டாலே இதயத்துடிப்பு, பிபி எல்லாம் தெரியுமாம். கண்ணைப் படம் எடுத்தால் மாரடைப்பு வருமா என்று ஏஐ சொல்லுமாம். கான்டாக்ட் லென்ஸிலும் வந்துவிட்டதாம்.

இதில் எது உண்மை, எது விளம்பரம்? கடையில் கிடைக்கிறதா? காசு ஒரு பிரச்சினை இல்லை, ஆனால் வாட்ச் கதி ஆகக்கூடாது.

சந்தேகி எழுதியது:

கண்ணைப் பார்த்து இதயம், காதைப் பார்த்து கிட்னி, உள்ளங்காலைப் பார்த்து கல்லீரல். எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் ஒருவர் டார்ச் அடித்துக் கருவிழியைப் பார்த்து 300 ரூபாய்க்கு எல்லா நோயும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏஐ கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

கண்பரிசோதகர்_மதுரை எழுதியது:

சந்தேகி சார், கருவிழியில் இருக்கும் புள்ளியையும் கோட்டையும் பார்த்து உறுப்புகளின் நோயைச் சொல்வது ஏமாற்று வேலைதான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விழித்திரை வேறு சமாச்சாரம், இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள்.

உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து மருத்துவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். 1939இல் கீத், வேகனர், பார்க்கர் ஆகியோர் உயர் ரத்த அழுத்தத்தால் விழித்திரையில் வரும் மாற்றங்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதலில் தமனிகள் மெலியும். அடுத்து தமனியும் சிரையும் குறுக்கே போகும் இடத்தில், தடித்த தமனி சிரையை அமுக்குவது தெரியும். மூன்றாம் படியில் ரத்தக்கசிவும் வெள்ளைத் திட்டுகளும் வரும். நான்காவதில் பார்வை நரம்பின் முகப்பே வீங்கிவிடும். நான்காம் படியோடு ஒருவர் வந்தால் நாங்கள் கண்ணாடிச் சீட்டு எழுத மாட்டோம், நேரே அவசர சிகிச்சைக்கு அனுப்புவோம்.

இன்னொன்று. சில சமயம் விழித்திரைத் தமனிக்குள் மஞ்சளாக மினுங்கும் ஒரு துணுக்கு தெரியும். கழுத்துத் தமனியில் படிந்திருக்கும் கொழுப்பிலிருந்து உடைந்து வந்ததாக இருக்கும். ஹாலன்ஹார்ஸ்ட் பிளேக் என்று பெயர். ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, கண்ணாடி மாற்ற வந்திருப்பார். அவரைக் கழுத்து ஸ்கேனுக்கும் இதய மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும்.

கருவிழியைச் சுற்றி வரும் வெள்ளை வளையம் பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். காவிரிக்கரை அப்பாவின் வயதில் அது சாதாரணம். அதுவே நாற்பதுக்குக் கீழே இருப்பவருக்குத் தெரிந்தால் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லுவோம்.

ஏஐ விஷயம். கூகுள் குழு 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2,84,335 பேரின் விழித்திரைப் படங்களில் பயிற்சி கொடுத்து, வேறு ஆட்களின் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். படத்தை மட்டும் வைத்து வயதைச் சராசரியாகச் சுமார் 3 வருட வித்தியாசத்துக்குள் சொன்னது. ஆணா பெண்ணா என்று கிட்டத்தட்ட தப்பாமல் சொன்னது. அதைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல எந்தக் கண் மருத்துவராலும் முடியாது. பிபியில் சராசரியாகச் சுமார் 11 புள்ளி விலகியது. இதையெல்லாம் படித்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

மாரடைப்பு, பக்கவாதம் வருமா என்ற கேள்விக்கு வாருங்கள். பாதிப்பு வந்த ஒருவர், வராத ஒருவர் என்று ஜோடி ஜோடியாகக் கொடுத்தால், 100இல் சுமார் 70 ஜோடியில் யார் என்று சரியாகச் சொல்லும். வயது, பிபி, புகைப்பழக்கம் போன்றவற்றை வைத்து மருத்துவர்கள் போடும் பழைய ஐரோப்பியக் கணக்கு அதே ஆட்களிடம் 72 சொன்னது! அதாவது படம் எடுத்ததால் புதிதாகப் பெரிய லாபம் வரவில்லை. படத்தை மட்டும் வைத்தே கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வர முடிகிறது என்பதுதான் செய்தி. விளம்பரத்தில் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரவிந்த், சங்கர நேத்ராலயா பெயர்களைப் போட்டு "நம்ம ஊரிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று பகிர்கிறார்கள். அந்த மருத்துவமனைகள் கூகுளோடு சேர்ந்து செய்தது சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் ஏஐ. இதய ஆய்வின் படங்கள் அமெரிக்க, பிரிட்டன் ஆட்களுடையவை.

காவிரிக்கரை எழுதியது:

மேடம், இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் இது மருத்துவமனையில் பெரிய கருவியில் தாடையை வைத்து எடுக்கிற படம்தானே? வீட்டில் போட்டுக்கொண்டே இருக்கிற கண்ணாடி இதைச் செய்யாதா?

கண்பரிசோதகர்_மதுரை எழுதியது:

செய்யாது. விழித்திரைப் படம் எடுக்க உள்ளே வெளிச்சம் பாய வேண்டும், கேமரா சரியாகப் பாப்பாவின், அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புத் துளையின், நேருக்கு நிற்க வேண்டும். பெங்களூரு நிறுவனங்கள் செல்போனோடு பொருத்தும் கையடக்கக் கேமரா வரை கொண்டுவந்துவிட்டன, முகாம்களுக்கு அது பெரிய உதவி. மாட்டிக்கொண்டு நடமாடும் கண்ணாடி வேறு. விழித்திரைப் படம் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டர், நீங்கள் தேடுவது ராத்திரிக் காவலாளி. அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை, இன்ஜினியர்கள் யாராவது சொல்லட்டும்.

சிக்னல்_சிங்கை எழுதியது:

சிங்கப்பூரில் உடல் சிக்னல் அளக்கும் கருவிகள் தயாரிக்கும் துறையில் இருக்கிறேன். விற்பனைப் பிரிவு இல்லை, அதனால் தைரியமாக எழுதலாம்.

"கண் வழியாக இதயம்" என்று விற்கிறவர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வழிகளை ஒன்றாகக் கலக்கிறார்கள்.

கான்டாக்ட் லென்ஸ். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் கண்ணின் பின்சுவரில் இருக்கும் குழாய்ப் படலத்துக்குள் ரத்தம் பாய்கிறது. அதனால் கண்ணின் உள் அழுத்தம் சுமார் 2, 3 புள்ளி ஏறி இறங்கும். இந்தத் துடிப்பு நிஜம், அளக்கவும் முடியும். சுவிட்சர்லாந்தின் சென்சிமெட் நிறுவனத்தின் ட்ரிகர்ஃபிஷ் என்ற லென்ஸுக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அது கண் அழுத்த நோய்க்காக. லென்ஸில் ஒரு நுண்ணிய கம்பி வளையம், கண்ணைச் சுற்றித் தோலில் ஒட்டிய ஆன்டெனா, இடுப்பில் ஒரு பெட்டி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி அளக்கும், அதிகபட்சம் 24 மணி நேரம் போடலாம். அந்தப் பதிவில் இதயத்துடிப்பும் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு மட்டும், மருத்துவர் மேற்பார்வையில், விட்டு விட்டு அளக்கும் ஒன்றை வைத்து இதயத்தைக் காவல் காக்க முடியாது.

மற்ற லென்ஸ்களின் வரலாறும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணீரில் சர்க்கரை அளக்கும் லென்ஸை கூகுள் 2014இல் அறிவித்தது. கண்ணீர்ச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையும் நம்பும்படி ஒத்துப்போகவில்லை என்று 2018இல் மூட்டை கட்டினார்கள். கண்ணுக்குள்ளேயே திரை காட்டும் லென்ஸ் செய்த மோஜோ விஷன் 2023 ஜனவரியில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. பணத்துக்கும் மூளைக்கும் பஞ்சமில்லாத இடங்கள் இவை. கருவிழி மேல் மின்கலமும் சிப்பும் வைப்பது அவ்வளவு கஷ்டம்.

இரண்டாவது, கண்ணாடிச் சட்டத்தில் சென்சார். இது கண்ணைப் பார்ப்பதே இல்லை. நெற்றிப்பொட்டு, மூக்கோரம், காதுக்குப் பின்புறம் போகும் தமனிகளைத் தொட்டு அளக்கும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடம் 2017இல் கிளாபெல்லா என்ற மாதிரியைக் காட்டியது. முகத்தின் மூன்று இடங்களுக்கும் நாடி அலை எத்தனை மில்லிவிநாடி முன்பின்னாக வருகிறது என்று பார்த்து பிபியைக் கணிக்கும். யோசனை அருமை. ஆனால் அணிந்து பார்த்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், கடைக்கு வரவும் இல்லை. பட்டை கட்டாமல் பிபி சொல்லும் எந்தக் கருவியையும் சிகிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சில புதிய கண்ணாடிகளில் பார்வை எங்கே போகிறது என்று பார்க்கச் சின்னக் கேமராக்கள் உள்பக்கமாக இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் ஒவ்வொரு துடிப்புக்கும் நமக்குத் தெரியாத அளவு நிறம் மாறுகிறது. அந்தக் கேமராக்களை வைத்தே அதைப் பிடிக்கலாம் என்று ஸூரிக் இடிஹெச் பல்கலைக்கழகக் குழு 2025இல் காட்டியது. மெட்டாவின் ஆய்வுக் கண்ணாடியில் செய்தார்கள், தனி சென்சார் எதுவும் சேர்க்கவில்லை. பிழை சராசரியாக நிமிடத்துக்கு ஏழெட்டு துடிப்பு. நடைப்பயிற்சிக்கு ஓகே. ஆனால் முதியவர்களிடம் நாம் பயப்படுவது எதற்கு? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் தாறுமாறாகத் துடித்து, உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவது. அதைப் பிடிக்கச் சராசரி போதாது. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று துல்லியமாக வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு, வாயில் வெற்றிலை மென்றால் போச்சு.

ஆகக்கூடி, நீங்கள் கேட்கும் பொருள் இன்று கடையில் இல்லை. இருப்பதாக யாராவது விற்றால் எந்த நாட்டு மருத்துவக் கருவி அனுமதி, எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். "நலவாழ்வுக் கருவி" என்று பதில் வந்தால் அது மருத்துவக் கருவி இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

பென்ஷன்_தாத்தா எழுதியது:

எனக்கு 77. அணியப்போகிறவர்கள் தரப்பில் இதுவரை யாருமே பேசவில்லை என்பதால் வந்தேன்.

தம்பி காவிரிக்கரை, அப்பா எந்நேரமும் கண்ணாடி போடுவார் என்கிறீர்களே, புரை ஆபரேஷன் ஆகட்டும் பாருங்கள். உள்ளே லென்ஸ் வைத்த பிறகு எனக்குத் தூரப்பார்வைக்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. தினத்தந்தி படிக்க மட்டும் எடுப்பேன், பிறகு அது எங்கே கிடக்கும் என்று பேரனைத்தான் கேட்க வேண்டும். உங்கள் திட்டத்தின் அஸ்திவாரமே அங்கே ஆட்டம் கண்டுவிடும்.

போட்டிருந்தாலும், குளிக்கும்போது கழற்றுவோம், மத்தியானம் சாய்ந்தால் கழற்றுவோம், ராத்திரி முழுக்கக் கழற்றுவோம். என்னை ஐசியூவில் சேர்த்தது விடியற்காலை நாலு மணிக்கு. அந்த நேரத்தில் கண்ணாடி மேஜை டிராயரில் இருந்தது.

கனம் இன்னொரு தொல்லை. ஒரு காதில் கேட்கும் கருவி மாட்டியிருக்கிறேன். கண்ணாடிக் காம்பும் அதே காதில். கூடவே பேட்டரி வைத்த தடித்த காம்பு என்றால் காது என்ன துணி காயப்போடும் கொடியா? கான்டாக்ட் லென்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். கை நடுக்கத்தில் சொட்டு மருந்தே மூன்றில் ஒன்று கன்னத்தில்தான் விழுகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டீர்களா? வாட்ச் அலமாரிக்குப் போனது மறதியால் என்று நினைக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று நாசூக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

சந்தேகி எழுதியது:

தாத்தா அடித்தது சிக்ஸர். பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

இதயப் பிரிவில் வேலை செய்கிறேன். முதல் பதிவில் ஒரு வரியை யாருமே கவனிக்கவில்லை. அப்பா கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறார் என்று காவிரிக்கரை அண்ணா எழுதியிருக்கிறார். அது என்ன மருந்து?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தச் சொட்டுகளில் பரவலாக எழுதப்படுவது டைமோலால். அது இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை, இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் குடும்பம். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கும். வாயில் விழுங்கினால் பாதியைக் கல்லீரல் வடிகட்டும், மூக்கு வழியில் போவதற்கு அந்தத் தடை கிடையாது. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கும் வயதானவருக்கு இதுவும் சேர்ந்தால் நாடி ரொம்பக் குறையலாம். எழுந்தால் தலைசுற்றும், சிலர் மயங்கி விழுவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகும். மயக்கத்தோடு வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார்கள். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கண் வழியாக இதயத்தைக் கண்காணிக்க இன்னும் கருவி வரவில்லை, சரி. கண் வழியாக இதயத்தை மெதுவாக்கும் மருந்து ஏற்கெனவே உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இதய மாத்திரைகள் கண்ணில் காட்டும். அமியோடரோன் எடுப்பவர்களின் கருவிழியில் சுருள் சுருளாகப் படிவு தெரியும், பெரும்பாலும் பார்வைக்குத் தொந்தரவு இல்லை. இவாப்ரடின் எடுத்தால் சிலருக்குத் திடீர் வெளிச்சப் பொட்டுகள் வரும். டிஜாக்சின் உடம்பில் அதிகமானால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், இதய மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

ரொம்ப முக்கியமானது: திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மறைந்து, ஐந்து பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பி வந்தாலும் அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். திரும்பி வரவே இல்லை என்றால் விழித்திரைத் தமனியே அடைத்திருக்கலாம். வலி இருக்காது, அதனால்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். அப்போதே 108ஐக் கூப்பிட்டுப் பக்கவாத சிகிச்சை இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

அம்மாவிடம் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டைமோலால்தான். மாத்திரைச் சீட்டில் மெட்டோப்ரோலாலும் இருக்கிறது. சொட்டு எழுதிய கண் டாக்டர் வேறு ஊர், இதய டாக்டர் வேறு ஊர். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததே இல்லை. காலையில் எழுந்ததும் தலை கிறுகிறுக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், வயதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். சொட்டை இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா?

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

நிறுத்தவே கூடாது அண்ணா, இரண்டில் எதையும். சொட்டை நிறுத்தினால் கண் அழுத்தம் ஏறும். பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சட்டென நிறுத்துவது ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆபத்து. தலைசுற்றலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு சீட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள், ஈசிஜி எடுப்பார்கள். அதற்குள் நாடி 50க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனையை விரலால் லேசாக இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். கண்விழியை அழுத்தக் கூடாது. விழியை அழுத்தினாலே நாடி குறையும், அது வேறு கதை.

கண்பரிசோதகர்_மதுரை எழுதியது:

நர்ஸ் தங்கை சொன்னது அத்தனையும் சரி. பீட்டா பிளாக்கர் அல்லாத சொட்டுகளும் இருக்கின்றன, லாட்டனோப்ராஸ்ட் மாதிரி. மாற்றலாமா என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்வார். இதய மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிப் போனால் வேலை சுலபம்.

புரை பற்றி ஒன்று. வலது கண்ணில் புரை முற்றியிருந்தால் விழித்திரைப் படம் மங்கலாகத்தான் வரும். வயதானவர்களுக்குப் பாப்பாவும் சுருங்கியிருக்கும். ஏஐயிடம் கொடுத்தால் "படம் தரமில்லை" என்று திருப்பிவிடும், அல்லது தப்பாகச் சொல்லும். இந்தத் தொழில்நுட்பம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் தடுமாறுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பாப்பாவை விரித்து ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகி எழுதியது:

சிக்னல் சார், ஒரு வாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து 24 மணி நேரமும் தப்பே இல்லாமல் துடிப்பை அளக்கும் கண்ணாடி வருகிறது. அதனால் உயிர் பிழைப்பார்களா, அல்லது மகன்கள் போனைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு பிபி ஏறுமா?

சிக்னல்_சிங்கை எழுதியது:

நல்ல கேள்வி. ஓரளவு பதிலும் இருக்கிறது, ஏனென்றால் கிட்டத்தட்ட அப்படி ஒரு கருவி ஏற்கெனவே உண்டு. நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் சின்ன ரெக்கார்டர், வருடக்கணக்கில் ஒவ்வொரு துடிப்பையும் பார்க்கும். டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரை, பிபி, சர்க்கரை மாதிரி ஏதாவது ஒரு காரணம் உள்ள 6,004 பேரை எடுத்துக்கொண்டார்கள். நாலில் ஒரு பங்கு ஆட்களுக்கு இதை வைத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. லூப் ஆய்வு, 2021இல் வந்தது. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டுபிடித்தார்கள், மற்றவர்களில் 12.2 சதவீதம். ஆனால் பக்கவாதம் அல்லது ரத்தக்கட்டி அடைப்பு வந்தது கருவி வைத்தவர்களில் 4.5 சதவீதம், மற்றவர்களில் 5.6 சதவீதம். தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

அதாவது விடாமல் பார்த்தால் நிறையக் கண்ணில் படும், ஆனால் பட்டதெல்லாம் ஆபத்தானது இல்லை. நாலு நிமிடம் வந்து போகும் ஒழுங்கற்ற துடிப்புக்கும் ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால், வயதானவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். இன்னொரு பக்கம், ஸ்வீடனில் 75, 76 வயதினரைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் தினமும் இருமுறை கையில் பிடிக்கும் ஈசிஜி எடுக்கச் சொன்ன ஆய்வில் சிறிய அளவில் லாபம் தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் முதியவர்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. குறைந்த நாள், எளிய கருவி, முடிவைப் பார்க்க ஒரு மருத்துவர்.

தோஹா_மைந்தன் எழுதியது:

சந்தேகி சொன்ன பிபி எனக்கு ஏறியிருக்கிறது. ஊரில் அம்மா கையில் வாட்ச், என் போனில் எச்சரிக்கை. நள்ளிரவில் "துடிப்பு குறைவு" என்று வந்தால் போன் போட்டு எழுப்புவேன். எழுப்பினதும் துடிப்பு ஏறிவிடும், திட்டும் விழும். தூக்கத்தில் துடிப்பு குறைவது இயல்பு என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டேன்.

என் கவலை வேறு. ஒரு விழித்திரைப் படத்திலிருந்து வயது, பாலினம் எல்லாம் தெரியும் என்கிறார்கள். புகைப்பழக்கத்தைக்கூட ஓரளவு சொல்லுமாமே. அந்தப் படம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனால்? பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், கண்ணை எங்கே போய் மாற்றுவது?

சிக்னல்_சிங்கை எழுதியது:

நியாயமான பயம். இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் இலவச முகாமில் படம் எடுக்கும்போது எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிக்கிறவர் யார்? சிகிச்சைக்கு மட்டும்தானா, வேறு யாருக்காவது கொடுப்பார்களா என்றாவது வாயைத் திறந்து கேளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஈசிஜியில் நாடி 48. பாட்டிலைப் பார்த்ததும் "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை" என்றார். கண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார், மாத்திரை அளவைக் குறைத்தார், நெஞ்சில் ஒட்டி 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி போடச் சொன்னார். கண் டாக்டர் சொட்டை மாற்றிவிட்டார். புரை ஆபரேஷனுக்கும் தேதி வாங்கியாயிற்று.

அப்பாவிடம் கண்ணாடி யோசனையைச் சொன்னேன். "அதற்குப் பதில் வாரம் ஒருமுறை வந்துவிட்டுப் போயேன்" என்றார். தாத்தாவுக்கு வெற்றி.

வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் மட்டும் வாங்குகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அக்கா வந்து பிபி பார்த்துவிட்டுப் போகிறார், ஆனாலும் இடையில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மணிக்கட்டில் கட்டுவது வாங்கலாமா? அப்பாவுக்கு அது சுலபம் என்கிறார்.

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

48 என்று படித்ததும் திக்கென்றது. நல்லவேளை, நேரத்தோடு போனீர்கள்.

மணிக்கட்டு வேண்டாம் அண்ணா, மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். வாங்கும் முன் மேல்கையின் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். 22 முதல் 32 சென்டிமீட்டர் என்றால் சாதாரணப் பட்டை போதும், அதற்கு மேல் என்றால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் பிபி அதிகமாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன், காபிக்கும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. நாடியையும் சேர்த்து எழுதி வையுங்கள். துடிப்பு ஒழுங்கில்லை என்று மெஷின் குறி காட்டினால் மூன்றாவது முறையும் எடுத்து, அந்தக் குறியையும் எழுதுங்கள்.

பென்ஷன்_தாத்தா எழுதியது:

எழுதுவதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் மெஷின் பக்கத்திலேயே கயிறு போட்டுக் கட்டி வையுங்கள் தம்பி. ஆப்பில் ஏற்றச் சொன்னால் அதுவும் சாமி அலமாரிக்குப் போய்விடும். ஹோல்டர் ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.